கறுத்த எண்ணெய்க்கு இன்னொரு வேலை

வடசென்னைக் கடற்கரைக்கு இரண்டு வகை எண்ணெய் கப்பலில் வந்து இறங்குகிறது. ஒன்று கச்சா எண்ணெய். அது துறைமுகத்திலிருந்து குழாய் வழியே மணலிக்குப் போய், சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷனின் சுத்திகரிப்பு ஆலையில் பெட்ரோலாகவும் டீசலாகவும் பிரிகிறது. இன்னொன்று பாமாயில். இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்து, தொட்டிகளில் நிரம்பி, 15 கிலோ டின்களாகவும் ஒரு லிட்டர் பாக்கெட்டுகளாகவும் கடைக்கு வருகிறது. முதலாவது எஞ்சினுக்குப் போகிறது, இரண்டாவது வாணலிக்கு. வாணலியில் காய்ந்து காய்ந்து கறுத்துப்போன பிறகு, அந்த இரண்டாவது எண்ணெய் முதலாவதின் வேலையைச் செய்யுமா?

செய்யும். ஆனால் வடிகட்டி டேங்கில் ஊற்றினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு எஞ்சின் சில மாதங்களில் பதில் சொல்லிவிடும். அந்தப் பதில் என்ன, அதைத் தவிர்க்க வேதியியல் என்ன செய்கிறது, இவ்வளவு தெரிந்த பிறகும் அந்த எண்ணெய் ஏன் எஞ்சினுக்குப் போகாமல் நம் வயிற்றுக்குப் போகிறது என்பதையெல்லாம் இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

ராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் பகுதியை வைத்து இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. இங்கே டீசல் எரியாத நேரம் கிடையாது. துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிகள், காசிமேட்டு விசைப்படகுகள், ஐஸும் மீனும் ஏற்றி ஓடும் 'குட்டி யானை' டாடா ஏஸ் வண்டிகள், கரண்ட் போனதும் உறுமத் தொடங்கும் ஜெனரேட்டர்கள் என்று எல்லாமே டீசல். 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கி, பின்னர் அசோக் லேலண்டாக வளர்ந்த நிறுவனத்தின் முதல் தொழிற்சாலை எண்ணூரில்தான் இருக்கிறது. அதே தெருக்களில் எண்ணெய்ச் சட்டியும் ஆறுவதில்லை. மீன் வறுவல், சிக்கன் பக்கோடா, பஜ்ஜி, மசால்வடை, பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த அத்தோ நூடுல்ஸில் நொறுக்கிப் போடும் பேஜோ எல்லாம் எண்ணெயில் பொரிபவைதான். டீசலும் எண்ணெய்ச் சட்டியும் இவ்வளவு நெருங்கி இருக்கும் இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

டீசல் எஞ்சினுக்கும் தாவர எண்ணெய்க்கும் உள்ள உறவு புதியதல்ல. ருடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் தன் எஞ்சினை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். மூன்றே ஆண்டுகளில், 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில், ஓட்டோ நிறுவனம் வைத்திருந்த சிறிய டீசல் எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது. எஞ்சினில் எந்த மாற்றமும் செய்யவில்லை. கடலை எண்ணெயில்தான் ஓடுகிறது என்பது பார்த்தவர்களில் பலருக்குத் தெரியவும் இல்லை. அந்தச் சோதனையைக் கேட்டது பிரெஞ்சு அரசு. ஆப்பிரிக்கக் காலனிகளில் கடலை விளைகிறது, நிலக்கரியும் பெட்ரோலியமும் இல்லாத அந்த ஊர்களில் அங்கே விளையும் எண்ணெயிலேயே எஞ்சின் ஓடட்டும் என்பது அவர்கள் கணக்கு. அதே காலத்தில் நம் தென்னார்க்காட்டில் மல்லாட்டை என்று சொல்லும் கடலையும் புதுச்சேரியில் கப்பலேறி மார்சேய் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. டீசல் 1912இல் இந்தச் சோதனையைப் பற்றி எழுதினார். தாவர எண்ணெய்கள் ஒருநாள் பெட்ரோலியத்துக்கு இணையாக வரக்கூடும் என்றும் கருதினார். அடுத்த ஆண்டே கப்பல் பயணத்தில் காணாமல் போய் இறந்தார். அவர் பெயரைத் தாங்கிய எரிபொருள் பெட்ரோலியத்திலிருந்தே வரத் தொடங்கியது. பெட்ரோலியம் மலிவாகக் கிடைத்ததால் எஞ்சின்களையும் அதற்கேற்ற மாதிரியே வடிவமைத்தார்கள். 1900இல் கடலை எண்ணெயை மறுக்காத எஞ்சின் இன்று மறுப்பதற்கு அதுதான் காரணம்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை மட்டும் இழுத்து, அதைப் பலமாக நெருக்குகிறது. நெருக்கிய காற்று பல நூறு டிகிரிக்குச் சூடாகிறது. சரியான கணத்தில் இன்ஜெக்டர் அதற்குள் டீசலைப் பீய்ச்சுகிறது. அது தானாகப் பற்றிக்கொள்கிறது. இதில் எல்லாமே பீய்ச்சுவதைப் பொறுத்தது. எரிபொருள் புகைபோல நுண்துளிகளாகச் சிதறினால் முழுதாக எரியும். துளி பெரிதாக இருந்தால் வெளிப்பக்கம் எரிந்து உள்பக்கம் கரியாகும்.

துளியின் அளவைத் தீர்மானிப்பதில் முக்கியமானது எண்ணெயின் பிசுப்பு. அதை அளக்கும் அலகு சென்டிஸ்டோக். 40 டிகிரி வெப்பத்தில் டீசலின் பிசுப்பு 2 முதல் 4.5 சென்டிஸ்டோக்குக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரக் கட்டுப்பாடு. அதே வெப்பத்தில் பாமாயிலின் பிசுப்பு சுமார் 40. சுமார் ஒன்பது மடங்கு முதல் இருபது மடங்கு வரை! காரணம் அதன் மூலக்கூறு. கிளிசரால் என்ற சிறிய முதுகெலும்பில் மூன்று நீண்ட கொழுப்பு அமிலச் சங்கிலிகள் தொங்குவதுதான் எந்தச் சமையல் எண்ணெயும். அந்த மூலக்கூறின் எடை டீசல் மூலக்கூறைப்போல நான்கு மடங்கு. சங்கிலிகள் ஒன்றோடொன்று உரசி நகர வேண்டியிருப்பதால் எண்ணெய் மெதுவாக ஓடுகிறது, பெரிய துளியாக விழுகிறது.

பெரிய துளி என்ன செய்யும் என்று டீசல் பம்ப் வேலை பார்க்கும் பட்டறைகளில் கேட்டால் வரிசையாகச் சொல்வார்கள். முதலில் நாசில் முனையில் கரி கட்டும். கரி கட்டிய நாசில் பீய்ச்சாது, ஒழுகும். ஒழுகினால் இன்னும் கரி கூடும். பிறகு பிஸ்டன் ரிங் பிடித்துக்கொள்ளும், வண்டி இழுக்காது, புகை தள்ளும். எரியாத எண்ணெய் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலக்கும். அங்கே சூட்டில் ஒன்றோடொன்று இணைந்து கெட்டியாகும். அந்தக் கெட்டி ஆயில் கிராங்க்கின் பேரிங்குகளுக்குப் போய்ச் சேராமல் போவதுதான் கடைசிக் கட்டம். தொடக்கத்தில் வண்டி நன்றாகத்தான் ஓடும். முதல் ஆயிரம் கிலோமீட்டரை வைத்து யாரும் முடிவுக்கு வர வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவையும் சொல்கிறேன்.

இதைச் சமாளிக்க உலகம் முழுவதும் ஆர்வலர்கள் கையாண்ட வழி இரண்டு டேங்க் முறை. ஒன்றில் டீசல், மற்றதில் வடிகட்டிய சமையல் எண்ணெய். வண்டியை டீசலில் ஸ்டார்ட் செய்ய வேண்டும். எஞ்சின் சூடானதும் ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டை ஒரு குழாய்ச் சுருள் வழியே இரண்டாவது டேங்குக்குக் கொண்டுபோய், எண்ணெயை 70, 80 டிகிரிக்குக் காய்ச்ச வேண்டும். அந்தச் சூட்டில் பிசுப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையும். அதன் பிறகே வால்வைத் திருப்பி எண்ணெய்க்கு மாற வேண்டும். வண்டியை நிறுத்தும் முன் மறுபடி டீசலுக்கு மாறி, பம்பிலும் நாசிலிலும் தங்கிய எண்ணெயைக் கழுவிவிட வேண்டும். இதை மறந்து வண்டியை அணைத்துவிட்டால் மறுநாள் காலையில் எண்ணெய் குழாயிலேயே உறைந்திருக்கும்.

இந்த ஒரு விஷயத்தில் சென்னைவாசிகளுக்கு அதிர்ஷ்டம் உண்டு. நம் மார்கழி இரவுகூட 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. ஐரோப்பாவிலோ வட இந்தியாவிலோ குளிர்காலத்தில் இதே பாமாயில் வெண்ணெயாக இறுகிவிடும். இங்கே டின்னின் அடியில் கொஞ்சம் மண்டி படிவதோடு நின்றுவிடும். புகைப்படங்களில் நாம் பார்க்கும் ஜெர்மன், அமெரிக்க வண்டிகளின் ஹீட்டர் அமைப்புகளில் பாதி இந்த ஊருக்குத் தேவைப்படாது. பிசுப்புக்காகச் சூடாக்க வேண்டுமே தவிர உறைவதற்காக அல்ல.

எந்த எஞ்சின் என்பது அடுத்த கேள்வி. பழைய அம்பாசிடர் டீசல், பழைய மாடடோர் வேன், 2005இல் வந்த முதல் டாடா ஏஸ் போன்றவற்றில் எரிபொருள் நேராக சிலிண்டருக்குள் போகாது. பக்கத்தில் உள்ள ஒரு சிறு அறையில் பீய்ச்சப்பட்டு, அங்கேயே எரியத் தொடங்கி வெளியே வரும். இந்த வகை எஞ்சின் பெரிய துளியையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். திருவொற்றியூரில் என்ஃபீல்டு நிறுவனம் செய்த டீசல் மோட்டார் சைக்கிளை வடசென்னையில் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்தியாவில் பெருமளவில் விற்பனைக்கு வந்த ஒரே டீசல் பைக் அது. 325 சி.சி. கிரீவ்ஸ் லம்பார்டினி எஞ்சின், 6.5 குதிரைத்திறன். முரட்டு எஞ்சின்தான், ஆனால் காற்றில் குளிர்வது. ரேடியேட்டர் தண்ணீரே இல்லாத அந்த வண்டியில் எண்ணெயைச் சூடாக்க எக்ஸாஸ்ட் குழாயைத்தான் நம்ப வேண்டியிருந்திருக்கும்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற மாசு விதி வந்த பிறகு விற்கப்படும் டீசல் வண்டிகளின் கதை முற்றிலும் வேறு. இவற்றில் காமன் ரெயில் அமைப்பு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பார் அழுத்தத்தில் எரிபொருளைத் தள்ளுகிறது. நாசில் துளையின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு அளவுதான். உள்ளே அசையும் பாகங்களுக்கு இடையே சில மைக்ரான் இடைவெளியே உண்டு. எக்ஸாஸ்டில் கரித்துகளைப் பிடிக்கும் ஃபில்டர் வேறு இருக்கிறது. இப்படிப்பட்ட வண்டியில் சமையல் எண்ணெய் ஊற்றக் கூடாது. வடிகட்டினாலும் கூடாது, பாதி டீசல் கலந்தாலும் கூடாது. செலவு ஒருபுறம் இருக்க, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது.

இதுவரை பேசியது புது எண்ணெயைப் பற்றி. கடையிலிருந்து வரும் பழைய எண்ணெய் வேறு பொருளாகவே மாறியிருக்கும். 170, 180 டிகிரி சூட்டில் ஈரமான மீன் துண்டு விழுந்ததும் சடசடவென்று சத்தம் வருகிறதே, அது மீனில் உள்ள தண்ணீர் ஆவியாகும் சத்தம். அந்த நீராவி எண்ணெய் மூலக்கூறைத் தாக்கி, கிளிசராலிலிருந்து கொழுப்பு அமிலச் சங்கிலிகளைப் பிய்த்துவிடுகிறது. பிய்ந்த அமிலம் எண்ணெயிலேயே தனியாக மிதக்கும். அதனால்தான் பழைய எண்ணெய் சீக்கிரம் புகைகிறது. இன்னொரு பக்கம் காற்றிலுள்ள ஆக்சிஜன் சங்கிலிகளைத் தின்கிறது. சிக்கு வாடை அதனால் வருகிறது. மூன்றாவதாக, உடைந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய மூலக்கூறாகின்றன. சட்டியின் விளிம்பில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத பிசினாகப் படிவது இதுதான். நுரை கட்டுவதும் இதனால்தான். இந்த மூன்று வினைகளிலும் பிறக்கும் பொருள்களுக்கு முனைவுச் சேர்மங்கள் என்று பெயர். எண்ணெயில் இவை 25 சதவிகிதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி. 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. ரத்த அழுத்தம், ரத்தக் குழாய் அடைப்பு, கல்லீரல் நோய் ஆகியவற்றோடு இப்படிப்பட்ட எண்ணெய்க்குத் தொடர்பு உண்டு என்று அந்த ஆணையம் எச்சரிக்கிறது.

வயிற்றுக்கு ஆகாத அதே பொருள்கள் எஞ்சினுக்கும் ஆகாது. அமிலம் பம்பின் உலோகத்தை அரிக்கும். பிசின் நாசிலை அடைக்கும். உப்பும் தண்ணீரும் துருவைக் கொண்டுவரும். மாவுக் கசடைத் துணியில் வடிகட்டிவிடலாம். கரைந்திருக்கும் அமிலத்தை எந்தத் துணியாலும் வடிகட்ட முடியாது.

ஆக, எஞ்சினை எண்ணெய்க்கு ஏற்ப மாற்றுவது ஒரு வழி. எண்ணெயை எஞ்சினுக்கு ஏற்ப மாற்றுவது இன்னொரு வழி. இரண்டாவதுதான் சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. அதன் வேதியியலும் அழகானது.

மூன்று சங்கிலி தொங்கும் அந்தக் கனத்த மூலக்கூறோடு மெத்தனால் சேர்க்கிறார்கள். கொஞ்சம் காரமும் வினையூக்கியாகச் சேர்கிறது. 60 டிகிரி சூட்டில் கலக்கினால் கிளிசரால் கழன்றுவிடுகிறது. மூன்று சங்கிலிகளும் ஆளுக்கொரு மெத்தனால் மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு தனித்தனியாகப் பிரிகின்றன. இந்தத் தனிச் சங்கிலிகள்தான் பயோடீசல். கலக்குவதை நிறுத்தினால் கனமான கிளிசரால் அடியில் இறங்கும், பயோடீசல் மேலே நிற்கும். 40ஆக இருந்த பிசுப்பு இப்போது நாலரைக்கு வந்திருக்கும். டீசலுக்குப் பக்கத்தில்! கணக்கும் எளிது. 100 கிலோ எண்ணெய்க்குச் சுமார் 11 கிலோ மெத்தனால் செலவாகி, 100 கிலோ பயோடீசலும் 10 கிலோவுக்குச் சற்று மேல் கிளிசராலும் கிடைக்கும். ஒரு டின் பழைய எண்ணெயை நன்றாகச் சுத்தம் செய்து மாற்றினால் கிடைப்பது ஏறக்குறைய 17 லிட்டர். ஒரு குட்டி யானை அதில் 300 கிலோமீட்டர் ஓடிவிடும்.

பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஷவான் என்பவர் 1937இலேயே இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். காங்கோவிலிருந்து வந்த பாமாயிலை எத்தனாலோடு சேர்த்து அவர் செய்த எரிபொருளில் 1938இல் பிரஸ்ஸல்ஸுக்கும் லூவெயினுக்கும் இடையே ஒரு பேருந்து ஓடியது. நாம் இன்று பேசும் பாமாயிலிலேயே அன்றே பேருந்து ஓட்டியிருக்கிறார்கள்.

பழைய எண்ணெயில் ஒரு சிக்கல் கூடுதல். அதில் மிதக்கும் அமிலம் காரத்தோடு சேர்ந்தால் சோப்பாகிவிடும். சோப்பு வந்தால் கிளிசராலும் பயோடீசலும் பிரியாமல் களியாக நின்றுவிடும். அதனால் ஆலைகளில் முதலில் எண்ணெயின் தண்ணீரை வற்றவைத்து, அமில அளவைச் சோதிப்பார்கள். அது இரண்டு சதவிகிதத்தைத் தாண்டினால், கந்தக அமிலத்தின் துணையோடு அந்த அமிலத்தையும் பயோடீசலாக மாற்றிவிட்டு, அதன் பிறகே காரத்தைச் சேர்ப்பார்கள்.

இதை வீட்டில் செய்து பார்க்கலாமே என்று யாருக்காவது தோன்றினால், தயவுசெய்து வேண்டாம். மெத்தனால் என்றால் என்ன என்பதைத் தமிழ்நாடு மிகக் கொடுமையான முறையில் தெரிந்துகொண்டிருக்கிறது. 2023 மே மாதம் மரக்காணத்திலும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியிலும் சாராயம் என்று குடித்தவர்களைக் கொன்றது இந்த மெத்தனால்தான். குடித்தால் மட்டுமல்ல, ஆவியை மூச்சில் இழுத்தாலும் தோலில் பட்டாலும் உடலுக்குள் போகும். 65 டிகிரியில் கொதிக்கும். எரியும்போது அதன் சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது. மூடிய கலனும் ஆவியைக் குளிரவைத்துத் திரும்பப் பிடிக்கும் அமைப்பும் உரிமமும் உள்ள ஆலையில் செய்ய வேண்டிய வேலை இது. மொட்டை மாடி வேலை அல்ல.

ஆலையிலிருந்து வரும் பயோடீசல், ஐ.எஸ். 15607 என்ற இந்தியத் தரத்துக்குள் இருந்தால், டீசலோடு கலந்து ஓட்டத் தகுதியானது. பாமாயிலிலிருந்து வந்த பயோடீசலுக்குத் தானாகப் பற்றும் திறன் டீசலைவிடக் கொஞ்சம் அதிகம். கந்தகம் கிட்டத்தட்ட இல்லை. பம்புக்கு நல்ல வழவழப்பும் தரும். குறைகளும் உண்டு. ஒரு லிட்டரில் கிடைக்கும் ஆற்றல் டீசலைவிடச் சுமார் எட்டு சதவிகிதம் குறைவு. பழைய ரப்பர் குழாய்களை உப்பவைக்கும். டேங்கில் பல வருடமாக ஒட்டியிருந்த அழுக்கைக் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் சேர்க்கும். முதல் தடவை ஊற்றிய சில நாள்களில் ஃபில்டர் அடைத்துக்கொண்டால், எரிபொருள் மட்டம் என்று முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் அது டேங்கின் பழைய அழுக்குதான்.

காசிமேட்டுப் படகுக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. பயோடீசல் டீசலைவிட அதிகமாகத் தண்ணீரை உறிஞ்சும். காற்று பட்டால் கெடும். தண்ணீரும் பயோடீசலும் சேரும் இடத்தில் கிருமிகள் வளர்ந்து கோழையாகத் திரளும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. கோடை வெயிலில், கடல் ஈரத்தில், பாதி நிரம்பிய டேங்கோடு படகு இரண்டு மாதம் கட்டிக் கிடக்கும். பயோடீசல் கலந்த எரிபொருளை அப்படி விட்டுவைத்தால் தடை முடிந்து கிளம்பும் நாளில் நடுக்கடலில் ஃபில்டர் அடைக்கலாம். தடைக்காலத்துக்கு முன் டேங்கைத் தீர்த்துவிட்டு, அடியில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுவது நல்லது. இன்னொரு பக்கம், படகுக்கு இது பொருத்தமான எரிபொருளும்கூட. சிந்தினால் டீசலைவிடப் பல மடங்கு வேகமாக மட்கிவிடும். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததையும் அனுபவித்த மீனவர்களுக்கு இதன் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

புகையின் கணக்கு என்ன? டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் உறுதியாக வகைப்படுத்தியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. அந்நாளைய கனரக எஞ்சின்களில் முழு பயோடீசல் ஊற்றினால் கரித்துகளும் கார்பன் மோனாக்சைடும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. நைட்ரஜன் ஆக்சைடுகள் மட்டும் பத்து சதவிகிதம் கூடின. 20 சதவிகிதம் கலந்தபோது கரித்துகள் பத்து சதவிகிதம் குறைந்தது, நைட்ரஜன் ஆக்சைடு இரண்டு சதவிகிதம் கூடியது. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மிக மோசமாக மாசடைந்த பகுதிகளில் ஒன்றாக மணலியைப் பட்டியலிட்டது. அந்தக் காற்றை மூச்சிழுப்பவர்களுக்குப் பத்து சதவிகிதக் கரி குறைவதும் நன்மைதான். ஆனால் இது பயோடீசலின் கணக்கு. நேராக ஊற்றிய சமையல் எண்ணெய் கரி கட்டிய நாசில் வழியே எரிந்தால் புகை கூடவே செய்யும். வறுத்த வாசனை வருவதால் அது சுத்தமான புகை ஆகிவிடாது.

அளவைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டும். மத்திய பெட்ரோலிய அமைச்சகத்தின் மதிப்பீட்டின்படி இந்தியா ஆண்டுக்குச் சுமார் 2,700 கோடி லிட்டர் சமையல் எண்ணெய் பயன்படுத்துகிறது. அதில் ஹோட்டல், கேன்டீன் போன்ற பெரிய இடங்களிலிருந்து 140 கோடி லிட்டர் பழைய எண்ணெயைத் திரட்ட முடியும். அது 110 கோடி லிட்டர் பயோடீசலாகும். பெரிய எண்ணாகத் தெரிகிறது. ஆனால் நாடு ஓர் ஆண்டில் எரிக்கும் டீசல் சுமார் 9 கோடி டன், அதாவது பத்தாயிரம் கோடி லிட்டருக்கும் மேல். ஒரு சொட்டு விடாமல் திரட்டினாலும் நூற்றில் ஒரு பங்குதான் தேறும். 2018 தேசிய உயிரி எரிபொருள் கொள்கையோ 2030க்குள் ஐந்து சதவிகிதக் கலப்பை இலக்காக வைத்திருக்கிறது. பழைய எண்ணெய் மட்டும் அந்த இலக்கை எட்டவைக்காது.

ரயில்வேயின் அனுபவமும் நினைவில் கொள்ளத்தக்கது. 2002 டிசம்பர் 31 அன்று டெல்லி - அமிர்தசரஸ் சதாப்தி எக்ஸ்பிரஸ் ஐந்து சதவிகித பயோடீசலோடு சோதனையாக ஓடியது. பிறகு நாளொன்றுக்கு 30 டன் பயோடீசல் தரும் இரண்டு ஆலைகளுக்கு ரயில்வே திட்டமிட்டது. ஒன்று ராய்ப்பூரில், மற்றொன்று நம் தண்டையார்பேட்டையில். அதற்குள் ரயில் பாதைகள் வேகமாக மின்மயமாகி, டீசல் எஞ்சின்களின் காலமே சுருங்கிவிட்டது.

பிறகு எதற்கு இந்தப் பாடு? பழைய எண்ணெய் எஞ்சினுக்குப் போகாவிட்டால் எங்கே போகிறது என்று பார்த்தால் தெரியும். ஒரு பகுதி சாக்கடைக்குப் போகிறது. குளிர்ந்து, சோப்போடும் அழுக்கோடும் சேர்ந்து குழாயில் கல்லாக இறுகுகிறது. 2017இல் லண்டன் வைட்சேப்பலில் 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் கொண்ட கொழுப்புப் பாறையைச் சாக்கடையிலிருந்து வெட்டி எடுத்தார்கள். அதிலும் ஒரு பகுதியை பயோடீசலாக மாற்றினார்கள். இன்னொரு பகுதி, இதுதான் மோசம், பெரிய சமையலறையிலிருந்து சிறிய கடைக்குப் போகிறது. இரண்டு நாள் காய்ச்சிய எண்ணெயை டின்னில் அடைத்துக் குறைந்த விலைக்கு விற்பதும், அதில் கொஞ்சம் புது எண்ணெய் சேர்த்து வடை சுடுவதும் காலங்காலமாக நடப்பது. அந்த வடையைச் சாப்பிடுபவர் லோடு இறக்கும் தொழிலாளி, லாரி டிரைவர், பள்ளி முடிந்து வரும் பிள்ளை. ஒரு லிட்டர் கறுத்த எண்ணெயை பயோடீசல் ஆலைக்கு அனுப்புவதால் மிச்சமாகும் டீசல் சொற்பம். அந்த ஒரு லிட்டர் இந்தப் பிள்ளையின் வயிற்றுக்குப் போகாமல் தடுப்பது சொற்பமல்ல. இந்தத் திட்டத்தை எரிபொருள் திட்டம் என்று பார்ப்பதைவிட உணவுத் திட்டம் என்று பார்ப்பதே சரி.

உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அப்படித்தான் தொடங்கியது. 2018 ஆகஸ்ட் 10, உலக உயிரி எரிபொருள் நாளன்று, பழைய சமையல் எண்ணெயைத் திரட்டும் ரூகோ திட்டத்தை அறிவித்தது. பொரிப்பதற்கு நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் இடங்கள் கணக்கு எழுத வேண்டும், பழைய எண்ணெயைப் பதிவு பெற்ற முகவரிடமே தர வேண்டும் என்ற உத்தரவு 2019 மார்ச் 1 முதல் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று அரசு எண்ணெய் நிறுவனங்கள் 100 நகரங்களில் பழைய எண்ணெய் பயோடீசலை வாங்க முன்வந்தன. முதல் ஆண்டு லிட்டருக்கு 51 ரூபாய், இரண்டாம் ஆண்டு 52.70, மூன்றாம் ஆண்டு 54.50 என்று விலையும் சொன்னார்கள். நல்ல தொடக்கம். ஆனால் விலையை முன்கூட்டியே கட்டிவைப்பதில் ஓர் ஆபத்து இருந்தது. 2022இல் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரம் நிறுத்தியபோது எண்ணெய் விலை எப்படி ஏறியது என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். புது எண்ணெய் விலை ஏறினால் பழைய எண்ணெயை இன்னொரு முறை காய்ச்சும் ஆசையும் ஏறும். முகவர் தரும் விலை அந்த ஆசையைவிட எப்போதும் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும்.

இப்போது விமானமும் இந்த எண்ணெய்க்குப் போட்டிக்கு வந்திருக்கிறது. இந்தியன் ஆயிலின் பானிபட் சுத்திகரிப்பு ஆலை, பழைய சமையல் எண்ணெயிலிருந்து விமான எரிபொருள் தயாரிக்க 2025 ஆகஸ்டில் சர்வதேசச் சான்றிதழ் பெற்றது. வெளிநாடு செல்லும் விமானங்களில் 2027இல் ஒரு சதவிகிதமும், 2028இல் இரண்டும், 2030இல் ஐந்து சதவிகிதமும் இப்படிப்பட்ட எரிபொருளைக் கலப்பது இலக்கு. லாரிக்குப் போனாலும் விமானத்துக்குப் போனாலும் சட்டிக்குத் திரும்பாத வரை எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் 50 லிட்டர் எல்லைக்குக் கீழே இருப்பவர்களே ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் அதிகம். ஒரே சட்டி, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் எண்ணெய். 25 சதவிகித விதி அவர்களையும் கட்டும், ஆனால் அளந்து பார்க்கும் கருவியோ கணக்குப் புத்தகமோ அவர்களிடம் கிடையாது. ஐந்து லிட்டருக்காக எந்த முகவரின் வண்டியும் சந்துக்குள் வராது. மாநகராட்சியும் உணவுப் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து, காசிமேடு சந்தை போன்ற இடங்களில் பூட்டுப் போட்ட பீப்பாய் ஒன்றை வைத்து, பழைய எண்ணெயைக் கொடுப்பவருக்கு லிட்டர் கணக்கில் கையோடு காசு கொடுத்தால், விதி செய்யாததை அந்தக் காசு செய்யும். வீட்டில் இருப்பவர்களுக்கும் வேலை உண்டு. பொரித்த எண்ணெயை ஆறவிட்டு, வடிகட்டி, ஒரு பாட்டிலில் சேர்த்து வையுங்கள். சிங்க்கில் ஊற்றாதீர்கள், கடைக்காரருக்கும் கொடுக்காதீர்கள், உங்கள் வண்டி டேங்கிலும் ஊற்றாதீர்கள். உங்கள் குடியிருப்பில் இருபது வீடு சேர்ந்தால் ஒரு டின் நிரம்பும். ஒரு டின் நிரம்பினால் முகவரை வரச் சொல்லிக் கேட்கலாம். கேளுங்கள்.